பாதையில் ஏழாகப் பிரித்து வாசித்த புத்தகம்

காலை ஏழு மணி டீசல் புகை, வாவியின் சேற்று வாசம், யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்து வரும் மீன் பொரியல் மணம்... இந்த மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் புத்தகம் வாசிக்கத்தான் கை துறுதுறுக்கும்.

நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், வாழ்நாளில் எல்லாரும் கட்டாயம் வாசிக்க வேண்டிய பத்துப் புத்தகம் எவை என்று கேட்டார். ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். நானும் தொடங்கினேன். முதல் புத்தகத்திலேயே நின்றுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் தற்காலிகக் கிளார்க் வேலை. தினமும் பாதையில்தான் போக வேண்டும். ஆட்களையும் சைக்கிளையும் வேனையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர்.

அதில் வருகிற ஜெஸீமா டீச்சருக்குச் சொந்த ஊர் காத்தான்குடி. படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். ஆனால் வாய் திறந்தால் நாவல்தான். ஒருநாள் தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைக் கொண்டுவந்து, "மௌத்தாகி மண்ணுக்குள்ள போறதுக்கு முந்தி ஒருக்காவாவது இத வாசிச்சிரணும்" என்றார்.

ஏழு பேர் கை நீட்டினோம். இருந்தது ஒரு புத்தகம்.

டீச்சர் யோசிக்கவே இல்லை. அடுத்த நாள் அந்தப் புத்தகம் ஏழு துண்டாக வந்தது! தையல் நூலை வெட்டி, கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறவுண் பேப்பர் உறை போட்டு, ஒன்று, இரண்டு என்று இலக்கம் வேறு. பொறுக்காமல் நான்தான் கேட்டேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கிழிச்சிட்டீங்க?"

"அலுமாரிக்குள்ள முழுசாக் கிடந்து என்னகா செய்யப் போகுது?"

கிழமைக்கு ஒரு கட்டு. திங்கட்கிழமை கைமாற வேண்டும். முன்னால் வாசித்தவர் வாய் திறக்கக் கூடாது. வரிசையில் முதல் ஆள் நான். எனக்கு அடுத்தது கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த மலரக்கா.

கதை ஏதோ ஒரு குளிர் நாட்டில் நடப்பது. கப்பலில் வேலைக்குப் போன புருசன், கடிதமும் இல்லை, காசும் இல்லை. பெண்சாதி வழி பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மலரக்காவின் கணவர் கத்தாருக்குப் போய் எட்டு மாதமாகக் குரலே இல்லை. பாதையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டோம். அவரும் சொல்ல மாட்டார். புத்தகத்தை மட்டும் விழுந்து விழுந்து வாசிப்பார். ஆறாவது கட்டு, கப்பல் துறைமுகத்துக்கு வருவதோடு முடிகிறது.

ஏழாவது கட்டு என் கைக்கு வந்த திங்கட்கிழமை... இறங்கும்போதே உறையைப் பிரித்தேன் நான், அவசரக்குடுக்கை. பாதைக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் கால் இடறியது. நான் தப்பினேன். கட்டு வாவிக்குள்! கம்பு போட்டு எடுத்தபோது வெறும் கூழ்.

மலரக்கா என்னைத் திட்டவில்லை. நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், அவன் வந்தானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "வாயால சொன்னாச் சரிவராது. எனக்கு அது மனப்பாடம். எழுதித் தாறன்."

அடுத்த திங்கள் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வந்தது. நாற்பது பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு டீச்சர் கையெழுத்து. மலரக்காதான் முதலில் வாசித்தார், நின்றபடியே. அக்கரை வந்ததும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வந்திட்டான்" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன வருசம் கொழும்பில் நடைபாதைக் கடையில் அதே நாவல் கிடைத்தது. ஆசையாய்க் கடைசிப் பகுதியைத் திறந்தேன். கப்பல் வருகிறது. அவன் அதில் இல்லை. அவ்வளவுதான் கதை.

டீச்சரிடமே கேட்டுவிட நினைத்தேன். டீச்சரின் நம்பர் என்னிடம் இல்லை. மலரக்காவின் கணவரோ வரவே இல்லை. அக்காதான் இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கிவிட்டார். சொல்வதா, விடுவதா? கடைசியில் அக்காவுக்குப் போன் எடுத்து, எங்கெங்கோ சுற்றி, அந்தப் புத்தகத்தில் வந்து நின்றேன்.

மலரக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும் புள்ள. டீச்சர்ர கொப்பியில, அவன் வந்திறங்கின உடன பொண்டாட்டி சோறும் சொதியும் குடுக்கிறா. அந்தக் குளிருக்குள்ள எங்கயிருந்துகா தேங்காப்பால், எங்கயிருந்து சொதி? சந்தேகத்தில டவுன் லைப்ரரிக்குப் போய்த் தேடி வாசிச்சிட்டன்."

ஐயோ... நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சொதியைச் சத்தமில்லாமல் குடித்திருக்கிறோம்.

இப்போது ஒரு பட்டியல் போட்டால் பத்து நிமிடத்தில் பத்துப் பிடிஎஃப் போனுக்கு வந்துவிடுகிறது. நல்லதுதான், எதுவும் தண்ணீரில் விழாது. ஆனால் எனக்கு அனுப்பியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பியதில்லை.

பட்டியல் கேட்ட நண்பரே, அந்த நாவல் அருமையான நாவல், கட்டாயம் வாசியுங்கள், பெயரைத் தனியாக அனுப்புகிறேன். மலரக்காவிடமும் கேட்டேன், உங்கள் பட்டியலில் எதைப் போடுவீர்கள் என்று.

"அந்தக் கொப்பியத்தான். இன்னும் வச்சிரிக்கன்."

"பொய் எண்டு தெரிஞ்சுமா அக்கா?"

"புத்தகம் எழுதின மனிசனுக்கு என்னைத் தெரியாது புள்ள. டீச்சருக்குத் தெரியும்."