கயிறு கட்டாமல் எண்ணூருக்கு

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஜீப்பின் பின் சக்கரங்கள் எண்ணூர் முகத்துவாரத்து மணலில் இறங்கின. பயம் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். அதனால் நேரம் சரியாக நினைவிருக்கிறது. வலப்புறம் கடல், எதிரே கழிமுகம். என் மகள் சுமதி மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் மணலை வாரிப் பின்னால் இறைத்தன. வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. தண்ணீர் ஏறுகிற நேரம் வேறு. கயிறு கட்டி இழுத்துத்தான் எடுக்க முடியும் என்றால், அவளுடைய மூன்று வருட உழைப்பு அன்றோடு முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி நிற்கும் அளவுக்குப் பொது இடம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து சுமதி அங்கே கொண்டுவந்து நிறுத்தியபோது, அவள் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டீசல் மிச்சம் பிடிக்க யாரோ முன் அச்சைக் கழற்றிவிட்டு, வெறுமனே உருளும் டம்மி அச்சைப் பூட்டியிருந்தார்கள். அவள் முதலில் கழற்றி எறிந்தது அதைத்தான். நாலு சக்கரமும் இழுக்காவிட்டால் அது ஜீப்பே இல்லை என்றாள். புதுப்பேட்டையில் ஆறு மாதம் அலைந்து, இழுக்கிற முன் அச்சு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கூரைக்குக் காசிமேட்டில் தைத்த படகுத் தார்ப்பாய். பின்னால் உட்கார, உடைத்த பஸ்ஸின் சீட்டு.

பழைய இரும்புக் கடையை எங்கள் பக்கத்தில் காயலான் கடை என்பார்கள். குடியிருப்பு முழுவதும் அந்த ஜீப்பைக் கூப்பிட்ட பெயர் ‘காயலான்’. வைத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவராஜ். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று நான் கட்டளை போட்டிருந்தேன். பெண் பிள்ளைக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

பொது இடத்தில் வண்டி நிற்கக்கூடாது என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது தேவராஜ்தான் தீர்ப்புச் சொன்னார்.

“எண்ணூர் வரிக்கும் போயி, மணல்ல எறங்கி, தானா திரும்பி வரட்டும். அப்புறம் நிக்கட்டும், நான் கேக்கமாட்டேன். கயிறு கட்டி இழுத்துகினு வந்தா நேரா காயலான் கடை.”

சுமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே, “நீங்களும் வண்டில வாங்கண்ணே. அப்புறம் நான் பொய் சொல்றேன்னு சொல்லக்கூடாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மணலில் இறங்கப் போகிறோம் என்று அவள் முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் குமிழ்களை முன்னமே திருகிப் பூட்டியிருந்தாள். அந்தக் குமிழைப் பூட்டினால்தான் முன் அச்சு சக்கரத்தைப் பிடிக்கும். இல்லாவிட்டால் அச்சு சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். அவள் கை கழுவப் போனபோது நான் சந்தனம் குழைத்து, நான்கு சக்கரங்களையும் துடைத்துப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தேன். நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் எழுத்தர். எதுவும் நேராக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. தேவராஜ் வெள்ளைச் சட்டையும் எவர்சில்வர் டிபன் டப்பாவுமாக வந்து பஸ் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழியில் இருநூறு ரூபாய்க்கு டீசல் போட்டோம். டோல்கேட்டுக்கு வந்தபோது மணி எட்டே கால். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அந்த வரிசையில் ஊர்ந்ததில் எஞ்சின் சூடேறியது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, வண்டி எந்தச் சண்டைக்குப் போய்விட்டு வருகிறது என்று கேட்டார். சுமதி, இனிமேல்தான் போகிறது என்றாள். பின்னால் தேவராஜ் சிரித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். அவளோடு சேர்ந்து சிரித்தாரா, அவளைப் பார்த்துச் சிரித்தாரா, தெரியவில்லை.

திருவொற்றியூர் தேரடியில் எஞ்சின் ஆற இருபது நிமிடம் நிறுத்தினோம். டீ இரண்டரை ரூபாய். எர்ணாவூர் தாண்டியதும் ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறு பக்கம் கற்கள் கொட்டிய கடற்கரை. கத்திவாக்கத்தில் காற்றே சாம்பல் நிறமாக இருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. தார்ப்பாய் மேல் கைவைத்தால் விரல் தடம் பதிந்தது. முகத்துவாரத்தில் சாலை முடியும் இடத்தில் பத்தரை. மீட்டரில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

பத்து நாற்பதுக்கு நடந்ததுதான் தெரியுமே. சுமதி நாலு சக்கரத்துக்கான லீவரைப் போட்டாள். சத்தம் மாறியது. ஆனால் பின் சக்கரங்கள் மட்டுமே சுற்றின.

“முன்னாடி புடிக்கல நைனா,” என்றாள். அவ்வளவு மெல்லிய குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. “அச்சுக்குள்ளதான் ஏதோ போயிருக்கு.”

ஆறு மாதம் தேடிய அச்சு. தேவராஜ் இறங்கி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ஆள் வைத்து இழுத்துவிடலாம், இதில் அவமானம் ஒன்றுமில்லை என்றார். சுமதி நிமிர்ந்தாள்.

“கயிறு கட்டுனா நீங்க சொன்னது நடக்கும்ணே. கட்டமாட்டேன். கடலுக்குள்ள போனாலும் தானாத்தான் போவட்டும்.”

எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் முன் சக்கரத்துக்கு ஐந்தடியில் நின்றது. குடிக்கத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நடந்தேன். அரை கிலோமீட்டரில் ஒருவர் டிராக்டரில் மண் ஏற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவரிடம் போய், “ஒரு காயலான் ஜீப்பு மணல்ல மாட்டிக்கிச்சு, வந்து இழுத்து விடணும்” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வீட்டில் நான் தடை போட்ட சொல், என் வாயிலிருந்தே வந்திருந்தது. லோடு ஏற்றி முடித்ததும் வருவதாக அவர் சொன்னார்.

பதினொன்று இருபதுக்குத் திரும்பினேன். மணலில் பிடிப்புக் கிடைக்க சுமதி டயர்களில் பாதிக் காற்றை இறக்கியிருந்தாள். செயலாளர் டிபன் டப்பா மூடியால் மணல் தோண்டிக்கொண்டிருந்தார். டப்பாவில் இருந்த இட்லி பத்திரமாக சீட்டின் மேல் இருந்தது. இடப்பக்க முன் சக்கரத்தின் எதிரே சுமதி உட்கார்ந்து, சந்தனப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நைனா, காலைல இந்தக் குமிழத் தொட்டியா?”

“சந்தனம் வச்சேன்.”

“திருப்புனியா?”

“கோணலா இருந்துச்சும்மா. பட்டை நேரா வரணும்னு லேசா…”

“ரெண்டையுமா?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல.”

அவள் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். அடியில் குமிழின் அம்பு ‘ப்ரீ’ என்ற எழுத்துக்கு நேராக நின்றது. அச்சு கெடவில்லை. அவள் பூட்டிவைத்ததை நான் பக்தியோடு திறந்துவிட்டிருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இடுக்கியால் அந்தக் குமிழைத் திருகிப் பூட்டிவிட்டு, இடுக்கியை என்னிடம் நீட்டினாள்.

“அந்தப் பக்கம் நீ போ.”

அந்தப் பக்கம் கடல். அலை வரும்போது சக்கரத்தின் பாதி மறைந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து, கண்ணுக்குத் தெரியாத குமிழை விரலால் தேடினேன். ஓர் அலை மார்பில் அடித்து, என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது. போகட்டும் என்று விட்டேன். குமிழ் கையில் அகப்பட்டது. இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இடுக்கியைப் பிடித்துத் திருகியபோது உள்ளே ஏதோ விழுந்து பொருந்துவது விரலுக்குத் தெரிந்தது.

பதினொன்று நாற்பது. தேவராஜ் யாரும் கேட்காமலே பின்னால் போய்த் தோள் கொடுத்தார். சுமதி லீவரைப் போட்டு, நிதானமாக கிளட்சை விட்டாள். முன் சக்கரங்கள் முதல்முறையாக மணலைக் கவ்வின. ஜீப் ஒரு முறை குலுங்கி, மூக்கைத் தூக்கி, தானாக ஏறியது. மேட்டில் கெட்டித் தரை வரும்வரை நிற்கவில்லை. தேவராஜின் வெள்ளைச் சட்டையில் வெள்ளை மிச்சமில்லை. சேற்றைத் துடைத்தபடி வந்தவர், வீட்டு ஜன்னலடியில் நிறுத்தும்போது வாலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தினால் தண்ணீர் லாரி வந்துபோக வசதி என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பெரிய தீர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

மூவரும் இட்லியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் டிராக்டர்காரர் வந்தார். டிராக்டர் இல்லை, தோளில் கயிற்றுச் சுருளோடு நடந்து வந்தார்.

“சார், காயலான் ஜீப்பு மாட்டிக்கிச்சுன்னு நீதான வந்து சொன்ன?”

சுமதி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தேவராஜும் பார்த்தார்.

“நான்தான் சொன்னேன்,” என்றேன். “அப்படிச் சொன்னது தப்பு. வண்டி இதுதான். தானா வந்துடுச்சு.”

அவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஈர மணலைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு கயிற்றை சுமதியின் பக்கம் நீட்டினார்.

“அப்பன்னா ஒரு உதவி பண்ணு தங்கச்சி. உன் ஜீப்ப இழுக்க வந்துகினு இருந்தேன், லோடோட என் டிராக்டரு அங்க மண்ணுல உக்காந்துகினு கீது. வந்து கொஞ்சம் இழுத்து உடு.”