மீன் தூங்குமா என்று கேட்ட டீச்சர்

வசந்தா டீச்சர் காலமான செய்தி என் மருமகளின் போனுக்குத்தான் வந்தது. நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்று, "மாமா, டீச்சர் பூட்டாங்க" என்றாள். வலையைக் கீழே வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஊர்க் குழுவில் இரங்கல்கள் குவிந்தன. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி, அறியாமை இருள் நீக்கிய சுடர் என்று எல்லாம் உயர்ந்த தமிழ். கையெழுத்துப் போடவே நாக்கைக் கடிக்கும் கோவிந்தன்கூட அப்படித்தான் போட்டிருந்தான். எல்லாம் போனிடம் கேட்டு வாங்கியது. டீச்சர் பார்த்திருந்தால் சிவப்பு மையில் ஒரே கோடாக இழுத்து, "இதுல நீ எங்கடா இருக்கே?" என்று கேட்டிருப்பார். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்கும் போனில் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

டீச்சர் திருப்பாலைவனத்துக்காரர். நெல் விளைக்கிற குடும்பம். தினமும் பஸ் ஏறி எங்கள் ஏரிக்கரைப் பள்ளிக்கு வருவார். பள்ளி ஜன்னலை ஒட்டிய பூவரச மரத்தடியில்தான் நான் கிழிந்த வலை பொத்துவது வழக்கம். வந்த புதிதில், நண்டு செவ்வாய்க்கிழமைதான் ஓடு கழற்றும் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் அதை அப்படியே வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சாயங்காலம் நேராக மரத்தடிக்கு வந்தார்.

"இன்னா நைனா, நண்டுக்குக் காலண்டர் யாரு மாட்டிவுட்டது?"

கோபம் இல்லை. அன்றிலிருந்து நான் சொல்வதில் பாதியைத்தான் அவர் நம்புவார். எந்தப் பாதி என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு எல்லார் வீட்டிலும் பெரிய போன் வந்தது. ஒருமுறை ஏரியைப் பற்றி எழுதி வரச் சொன்னாராம். வகுப்பு முழுதும் ஒரே மாதிரி எழுதி வந்திருக்கிறது. "இயற்கையின் கொடை" என்று தொடங்காத தாள் ஒன்றுகூட இல்லை. அன்று மதியம் அவர் சாப்பிடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தப்பாக எழுதியிருந்தாலாவது திருத்தலாம், இதில் திருத்த யாருமே இல்லையே நைனா என்றார்.

எங்கள் ஏரியில் வலை கட்டும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் அங்கே நீ மட்டும்தான் வலை கட்டலாம். மீன் கொட்டினாலும் அடுத்தவன் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். ஒன்றும் விழாவிட்டாலும் அந்த வெறும் வலை உன்னுடையது. டீச்சர் இதைத் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் வைத்தார். ஒரு டப்பாவில் பிள்ளைகளின் பெயர்ச் சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு கேள்வி. யோசித்து வந்து மறுநாள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவன் முணுமுணுத்தால் அடுத்தவன் பாட்டில் வலை போட்ட குற்றம்.

ஒரு பையன் போனை எடுத்தபோது, "போனு நம்ம சீட்டுல இருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று வகுப்பே கத்தியது. "அப்போ அது கரையில நிக்கட்டும். உன் பாடு முடிஞ்சதும் அதையும் கூப்ட்டுக் கேப்போம்."

தெரியல என்று சொல்லலாம். ஆனால் எதுவரைக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்லி முடித்ததும் டீச்சர் தலையைச் சாய்த்து, "சரி, அப்புறம்?" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் உட்காரலாம்.

விலாங்கு சேற்றில்தான் முட்டையிடும் என்று ஒருநாள் ஜன்னல் வழியே நான் நுழைத்தேன். பாடு முடிந்து டீச்சர் கேட்டபோது போன், அது ஆழ்கடலுக்குப் போய்தான் முட்டையிடும் என்றது.

"நைனா, இந்த வாட்டி போனு ஜெயிச்சிடுச்சு."

"அது தண்ணியில எறங்கிப் பாத்துச்சா?"

"நீங்க பாத்தீங்களா?"

அறுபது வருஷமாகச் சேற்றில் நிற்கிறேன். பார்த்ததில்லை.

பெற்றோர் கூட்டத்தில் சண்டை வந்தது. மற்ற பள்ளிப் பிள்ளைகள் போனில் கேட்டு அழகழகாக எழுதுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் தெரியல தெரியல என்று எழுதி மார்க்கை விடுகிறார்கள் என்றார்கள். டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "போன்கிட்டக் கேக்கட்டும். நானும்தான் கேக்குறேன். அது சொன்னது சரியா தப்பான்னு பாக்க உள்ள ஒரு ஆளு வேணுமே. அந்த ஆள யாரு வளக்கிறது?" யாரும் சமாதானம் ஆகவில்லை.

அப்போதே அவருக்கு வயிற்றில் கட்டி இருந்திருக்கிறது. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் முன் கடைசியாக எடுத்த சீட்டு கனகாவினுடையது. மீன் தூங்குமா என்பது கேள்வி. "வந்து கேக்குறேன். உன் பாடு உனக்கே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு வந்த டீச்சர் டப்பாவைப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். தாள்கள் மறுபடி ஒரே மாதிரி வரத் தொடங்கின. கனகா மட்டும் போனிடம் கேட்காமல் காத்திருந்தாள். தினமும் என்னிடம் வந்து, டீச்சர் எப்போது வருவார் என்று கேட்பாள். வலை சுருட்டும் காலத்தில் வருவார் என்று கிண்டலாக எதையாவது சொல்லி அனுப்புவேன்.

சாவுக்கு எல்லாரும் பஸ்ஸில் போனோம். கனகா பள்ளிச் சீருடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, என் பாடு போயிடுச்சா?" என்றாள். எங்கள் ஏரியில் காற்றடித்து வலை கட்ட முடியாமல் போனால் அந்தப் பாடு போனதுதான். நான் அதைச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். முகம் ரொம்பச் சிறுத்திருந்தது. மாலை போட்டவர்கள் விலகியதும் கனகா போய் வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டி நின்றாள்.

"டீச்சர், என் பாடு. மீனுக்கு இமை கெடையாது. அதனால கண்ண வெச்சுச் சொல்ல முடியாது. இருட்டுல டார்ச் அடிச்சா சில மீனு அசையாம நிக்கும், கையால தொட்டாதான் ஓடும்னு எங்கப்பா சொன்னாரு. நானும் போய்ப் பாத்தேன். ஓடுறதுக்கு முன்னாடி அது தூங்கிக்கினு இருந்துச்சா, சும்மா இருந்துச்சான்னு தெரியல. அதுவரைக்கும்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். அவள் அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"இரும்மா" என்றாள் கனகா. "டீச்சர் இன்னும் அப்புறம்னு கேக்கல."

ஊரில் எதற்கும் வாய் நுழைக்கிறவன் நான். அந்த ஒரு வார்த்தையை நானாவது சொல்லியிருக்கலாம். அது என் பாடு இல்லை.

டீச்சரம்மா, இதுதான் என் பாடு. மெழுகுவர்த்தி எதையும் ஏற்றவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான். போய் வாருங்கள்.