வெறுங்கையோடு ஓடக் கூடாது

ஞாயிறு மதியம் கரண்ட் போயிற்று, எங்கள் வீட்டில் மட்டும். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மகள் நான் ஏறி நின்று ஃப்யூஸ் கம்பி மாற்றினேன். மின்னியலில் டிப்ளமா முடித்து வேலூரில் வேலையில் இருக்கிறேன். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.

"படிக்காதவன் இந்நேரம் மாட்டிட்டு எறங்கியிருப்பான்" என்றார்.

"செத்தும் இருப்பான்" என்றேன்.

சிரித்தார். விளக்கு எரிந்ததும் ஸ்டூலை அவரே தூக்கி உள்ளே வைத்தார். மறுநாள் நான் பஸ் ஏறினேன். வியாழக்கிழமை காலை அவர் ஏரிக்கரையில் விழுந்து இறந்தார். அது 1986, மாசி மாதம்.

அப்பாவின் பெயர் பொன்னுசாமி. ஆரணியில் ராஜவேலு என்பவரின் சாயப்பட்டறையில் கூலி. கொதிக்கும் தொட்டியில் பட்டு நூலை முக்கித் திருப்புவது வேலை. விடிந்ததும் ஓடப் போய்விடுவார். வந்து குளித்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். பந்தயம் இல்லை, போலீஸ் வேலைக்கு ஆளெடுப்பும் இல்லை. வெறுமனே ஓடினார். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஆள் வெறுமனே ஓடுவதில்லை.

"சோறு செரிக்காதவன் ஓடலாம். உனக்கு என்னாடா கீது, செரிக்கறதுக்கு?" என்று ராஜவேலு கேட்டாராம். பட்டறையே சிரித்தது. அப்பாவும் சிரித்ததாக அம்மா சொன்னாள். வியாபாரிகள் வந்தால் அப்பாவைக் கூப்பிட்டு, வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டச் சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டது. அப்பா காட்டுவார்.

மூன்று வழிகள் வைத்திருந்தார். கண்ணமங்கலம் சாலையில் புளியமர நிழலில் கொஞ்ச தூரம் போய், செம்மண் வேர்க்கடலைக் கொல்லைகளுக்குள் திரும்புவது ஒன்று. அதில் வழி முழுக்க மலை தெரியும். பெரணமல்லூர்ப் பக்கம் வரப்பு வழி இன்னொன்று. அது களிமண், கோடைக்கு மட்டும்தான் ஆகும். மூன்றாவது, ஆற்று மணலைக் கடந்து, பனங்காட்டுக்குள் நுழைந்து, பெரிய ஏரியின் கரைமேல் ஏறி, மதகருகே இறங்கி ஒரு ஊர் வழியாகத் திரும்புவது. ஏரி நிரம்பியிருந்தால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல். அதுதான் அவருடைய வழி. அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். நான் சொல்லப் போகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பக்கங்களில் சாவுச் சேதி கொண்டுவருகிறவன் ஓடித்தான் வருவான். கையில் ஒன்றும் இருக்காது. வழியில் யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டான். உரிய வீட்டு வாசலில்தான் சொல்வான்.

1976 ஐப்பசியில் காத்தாயி என்ற பெண் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சின்னதுரை வயிற்று ஆபரேஷனுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கரையிலிருந்து ஒரு ஆள் வெறுங்கையோடு இறங்கி ஓடி வருவதைப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு ஓடினார்.

அவள் உள்ளே போய் அம்மிக்கல்லில் வளையல்களை உடைத்தாள். வெயில் ஏறுவதற்குள் பறை வந்துவிட்டது. பாடைக்கு மூங்கில் வெட்டியாகிவிட்டது. உடலை எடுத்துவர வேலூர் போன மைத்துனன், சின்னதுரை கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்தான்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. மறுநாளும் அதே வழியில் ஓடினார். மதகில் காத்திருந்து பிடித்தார்கள். புங்கமரத்தில் கட்டி, முழங்காலுக்குக் கீழே புளிய மிலாறால் அடித்தார்கள். விசாரித்தவர் வேடியப்பன். ஏரிக்குக் கீழே பெரிய கிணறும் நிலமும் உள்ளவர்.

"எதுக்குடா ஓடுன?"

"சும்மாங்க."

அடி விழுந்தது. மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில், அதே அடி. எருமை காணாமல் போனது, தேடி வந்தேன் என்று சொல்லியிருந்தால் அவிழ்த்து விட்டிருப்பார்கள். அப்பாவுக்கு அது தோன்றவில்லை.

ஓடக் கூடாது என்று வேடியப்பன் சொல்லவில்லை. "ஓடிக்கோ. ஆனா வெறுங்கையோட வராத. எங்க சாமான் எதுனா ஒண்ணு கையில இருக்கணும். தூரத்துல பாக்கறவளுக்கு இவன் வேலையா வரான்னு தெரியணும்" என்றார். அதுதான் தண்டனை, அதனால் கூலி கிடையாது.

முதலில் டார்ச் லைட் பேட்டரி. பிறகு தையல்காரனிடமிருந்து ரவிக்கை, மாத்திரை, மண்ணெண்ணெய், ஏர்க்கொழு. ஒருமுறை ஆட்டுக்குட்டி. முதல் நாள் மதகில் சொல்லிவிடுவார்கள். மறுநாள் அப்பா கொண்டுபோவார். பிள்ளைகள் அவரைக் கழுதை என்று கூப்பிட்டார்கள். பெரியவர்கள் அதட்டவில்லை.

சின்னதுரை பிழைத்து வந்தான். உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி வைத்தவள் கையில் இனி வளையல் எதற்கு என்று, அவன் காத்தாயியைப் போட விடவே இல்லை. அப்பா அந்த மொட்டைக் கைகளைத் தினமும் பார்த்தார். அவர் வருவதைக் கண்டால் அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தப் பக்கம் மட்டும் போகாதே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். மற்ற இரண்டு வழிகளில் சுமை கிடையாது.

"பட்டறையில கூப்புடறான். தெருவுல கூப்புடறான். அந்த ஏரி மேல ஓடிகினு இருக்கறப்ப என்ன யாரும் கூப்புட மாட்டாங்க. எறங்குனாதான் கூப்புடுவாங்க. அதுக்கோசரம் சுமக்கறேன்" என்றார்.

எண்பத்திரண்டில் அந்த ஊருக்கு பஸ் வந்தது. சாவுச் சேதியும் பஸ்ஸிலேயே போனது. அப்பாவின் முகம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ஒரு நாள் தைரியமாக வேடியப்பனிடம் கேட்டார்: இனி நான் வெறுங்கையோடு வரலாமா?

"பஸ்ஸுல ஏத்துனா டிக்கெட்டு கேப்பான்டா" என்றார் வேடியப்பன். சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதன் பிறகு சுமை கூடியது. அப்பா வழியை மாற்றவில்லை.

எண்பத்தாறு மாசியில் வேடியப்பனின் பம்ப்செட் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். அது ஒழுகினால் குழாயில் தண்ணீர் நிற்காது, மோட்டார் சும்மா சுற்றும். ஆரணி லேத் பட்டறையில் அதைச் சரிசெய்து, புதன்கிழமை அப்பாவிடம் கொடுத்தார்கள். வார்ப்பு இரும்பு. ஓடுகிற மனிதனின் ஒரு தோளில் கட்டும் பொருள் அல்ல. அடிக்கு அடி உடம்பை ஒரு பக்கமாக இழுக்கும். இதைப் புரிந்துகொள்ள டிப்ளமா தேவையில்லை.

ஆடு மேய்க்கிறவர்கள்தான் பார்த்தார்கள். கரைமேல் ஓடிக்கொண்டிருந்தவர் குனிந்தாராம், பிறகு உட்கார்ந்தாராம். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சடைப்பு என்றார்கள். மாட்டு வண்டியில் உடலைக் கொண்டுவந்தார்கள். வால்வை வண்டியில் ஏற்றவில்லை.

மூன்றாம் நாள், பால் தெளித்து முடித்த பிறகு வேடியப்பன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். நல்ல மனுஷன் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நெல்லு பால் புடிக்கற நேரம்மா. உங்கப்பன் இன்னும் ரெண்டு பர்லாங்கு ஓடியிருந்தா என் பயிரு பொழச்சிருக்கும்."

வால்வு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, வரும் வழியில் பார்த்திருப்பீர்களே என்றேன். பார்த்தேன் என்றார்.

"எடுத்துக்கோங்க."

"நான் எடுக்கறதா? ஒத்துகினு கெளம்புனவன் உங்கப்பன். சாவு தொட்ட சாமான். கொண்டாந்து எறக்க வேண்டியது உங்க வூடு."

அவர் போன பிறகு நான் ஏரிக்கரைக்குப் போனேன். மணலிலும் பனங்காட்டிலும் நடந்துதான் போனேன். எனக்கு ஓட வராது. மதகுக்கு இந்தப் பக்கம் வால்வு கிடந்தது, அப்பாவின் துண்டில் கட்டிய முடிச்சோடு. முடிச்சை அவிழ்த்துத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் வேடியப்பனின் கிணறும், மேட்டில் கழற்றிப் போட்ட குழாயும் நன்றாகத் தெரிந்தன.