ஆர்வில் அத்தானின் மஞ்சள் கல்

எங்கள் ஊரில் ஆர்வில் டீக் என்ற பேரைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். மீன் ஆசையில் கல்லைப் பார்க்க மறந்த மனுஷன் என்று. சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பு என் தலையில் விழவேண்டியது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆர்வில் என் அக்கா வெல்டாவின் கணவர். அமெரிக்காவில் ஆர்கன்சா மலைப்பக்கம், அணைக்குக் கீழே ஆறு மைல் தள்ளி எங்கள் ஊர். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். மே மாத முடிவில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தினாரென்றால், பள்ளி திறக்கும்வரை அவரை ஆற்றில்தான் தேடவேண்டும். அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் அது. ஊரே வெயிலில் வேகும்போதும் கால் வைத்தால் எலும்பு குளிரும். அந்தக் குளிருக்குத்தான் ட்ரவுட் மீன் அங்கே கொழுத்துக் கிடக்கும். தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றி வெட்டுக்கிளி மாதிரி ஒன்றைச் செய்து, மார்புவரை ரப்பர் கால்சட்டை மாட்டி, ஆற்றுக்குள் நின்று வீசுவார். அடடா, வீச்சென்றால் அது வீச்சு! நாற்பதடி தள்ளி, தண்ணீர் கலங்காமல் போய் உட்காரும்.

ஆனால் அந்த ஆற்றை நம்பக் கூடாது. வெயில் ஏறி, நகரத்தில் எல்லாரும் ஏசியைப் போட்டால், மின்சாரத்துக்காக அணையில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இத்தனை மணிக்கென்று நிச்சயம் கிடையாது. சத்தமில்லாமல் ஏறும். அதனால் இறங்குமுன் தண்ணீரோரம் ஒரு கல்லை வைப்பது எங்கள் வழக்கம். நாலு வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். கல் நனைந்தால் கரையேறிவிடவேண்டும். பேருந்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அத்தான் தன் கல்லுக்குப் பூசியிருந்தார். எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

எண்பத்தெட்டு ஜூலை. மூன்று கோடைகளாக ஒரு கிழட்டு ட்ரவுட் அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், இன்னைக்கு ஒண்ணு அது, இல்லேன்னா நான்," என்றார்.

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க அத்தான். அது உங்களுக்கு முன்னாடி ரிட்டையர் ஆயிடும்."

"வாயை மூடிக்கிட்டு சாண்ட்விச்சைத் தின்னுடா!"

தின்றேன். காற்று என் இறகுப் பெட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தது. மேலே வைக்கக் கனமாக ஒன்று தேடினேன். கண்ணில் பட்டது அந்த மஞ்சள் கல். அதை எடுத்து, கரைமேல் விழுந்து கிடந்த மரத்தில் பெட்டிமேல் வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான். சாப்பிட்ட அசதி, கண் அயர்ந்துவிட்டேன். முட்டாள்!

பூட்சுக்குள் ஜில்லென்று தண்ணீர் புகுந்து விழித்தேன். முழங்கால் ஆழத்தில் நின்ற அத்தான் இப்போது இடுப்புக்குமேல் தண்ணீரில் நின்றார். மீன் மயக்கத்தில் அவருக்கு அது உறைக்கவே இல்லை. தூண்டில் கோல் வில்லாக வளைந்திருந்தது. அந்தக் கிழட்டு மீனேதான்!

"அத்தான்! தண்ணி ஏறுது, வாங்க!"

திரும்பினார். மரத்தின்மேல் கல் காய்ந்து பளிச்சென்று இருந்தது. சிரித்துக்கொண்டே அதைக் கைகாட்டினார்.

"கல்லு காஞ்சுதானடா கிடக்கு! பொறாமைடா உனக்கு!"

கல்லைத் தூக்கித் தலைக்குமேல் ஆட்டினேன். அப்புறம் ஆற்றிலேயே வீசியெறிந்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஓர் அடி எடுத்து வைத்தார், கால் வழுக்கிற்று. கோல் போயிற்று, மீன் போயிற்று, தொப்பி மட்டும் மிதந்தது. கரையோரமாக ஓடினேன். அரை மைல் கீழே, சாய்ந்த கிளை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி, உதடு நீலம் பாரித்து இருமிக்கொண்டிருந்தார். இழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை, ஜூவல் என்ற அம்மா நடத்தும் சாப்பாட்டுக் கடையில், நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். "மீன் ஆசை கண்ணை மறைச்சிடுச்சுப்பா. கல்லைத் திரும்பிக்கூடப் பாக்கல."

கடையே சிரித்தது. பள்ளி திறந்ததும் பேருந்தில் ஏறிய பிள்ளைகள்கூட "கல்லைப் பாருங்க!" என்று கத்தின. அவர் ஹாரன் அடித்துச் சிரிப்பார். நான் அன்றைக்குக் கடையில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டதோடு சரி. கோழை, வேறென்ன சொல்ல.

அடுத்த கோடையில் புதுக் கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசி என் கையில் திணித்தார். "இனிமே நீதான் வைக்கணும் மச்சான்." குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்தேன். இருபத்துநாலு கோடை வைத்தேன். மீன் பிடித்ததைவிட, கல்லைப் பார்த்து உட்கார்ந்ததுதான் அதிகம்.

"அத்தான், கல்லு நனைஞ்சிடுச்சு, வாங்க!"

"ஒரே ஒரு வீச்சுடா!"

"ஒண்ணும் கிடையாது, ஏறுங்க!"

குளிர்ந்த தண்ணீர்மேல் எழும் பனிப்புகைக்குள்ளிருந்து முணுமுணுத்துக்கொண்டே வருவார். எவ்வளவு நல்ல நாட்கள்! அந்த நேரத்தில் அருமை தெரியவில்லை.

போன பிப்ரவரியில் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. யாரோ பழைய கதையை எடுத்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அவர் திரும்பிப் பாத்தாரு. கல்லை இடம் மாத்தி வச்சது நான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

"உக்காருடா ஹாய்ட். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அத்தான் சொன்னாரா?"

"ஈரத்துணியோட நின்னு சொன்னாரு. ஊருக்குத் தெரிஞ்சா உன் தம்பி தாங்கமாட்டான், வாயைத் திறக்காதேன்னாரு. மறுவருஷம் சண்டை போட்டேன், திரும்பவும் அவன்கிட்டயா கல்லைக் கொடுக்கிறீங்கன்னு. அதுக்கு அவரு, வெல்டா, இனிமே அந்தக் கல்லை விட்டுக் கண்ணை எடுக்காத ஆளு இந்த ஆத்துல அவன் ஒருத்தன்தான்னாரு."

அத்தனை பேருக்கு முன்னால் விக்கி விக்கி அழுதேன்.

ஜூனில் தனியாக ஆற்றுக்குப் போனேன். தூண்டில் எடுத்துப் போகவில்லை. கல்லைத் தண்ணீரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டு மணி வாக்கில் தண்ணீர் வந்து கல்லைத் தொட்டது. ஆற்றில் ஒருத்தரும் இல்லை. எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அத்தான், கல்லு நனைஞ்சிடுச்சு, வாங்க!"