நாலு ஓட்டை, பதினெட்டுத் தையல்

என் வலது விலாவுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. பித்தப்பையை எடுத்தபோது வந்தது. பதினெட்டுத் தையல். அந்தத் தழும்பின் மேல் எனக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெருமை செய்த காரியத்தை எழுதாமல் இனி இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம். கீழே நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும். மாடியில் என் கொழுந்தனும் அவர் மனைவியும். அவள் எனக்கு ஓர்ப்படி, என்னைவிட ஒன்பது வயது சின்னவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்கள் பூட்டும் லைனில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. நான் படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட, கம்பெனியில் சேர ஃபாரம் நிரப்ப என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். "பெரியவள கேளு, அவளுக்குத் தெரியும்" என்பார் மாமியார். அதைக் கேட்க எனக்கும் இனிக்கும்.

எனக்குப் பித்தப்பைக் கல் இருந்தது முற்றும்வரை தெரியவில்லை. ஒரு நாள் கடையிலேயே சுருண்டு விழுந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டு எடுக்கப் பார்க்கிறோம், முடியாவிட்டால் வயிற்றைத் திறப்போம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். கண் விழித்தபோது வயிற்றில் பெரிய கட்டு. அழுதே விட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னார். "உள்ள எல்லாம் வீங்கி ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. எது எந்தக் குழாய்னு தெளிவா தெரியாம நான் வெட்ட மாட்டேன். திறந்தது தோத்துப் போனதால இல்ல, உங்க நல்லதுக்குத்தான்." அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. கிழித்துவிட்டார்களே என்பது ஒன்றுதான் மனதில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஜனங்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. ரொட்டி பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள். ஐந்து நிமிஷம் ஊர்க்கதை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எத்தினி தையலு?" என்பார்கள். எண்ணிக்கையைச் சொன்னதும், "எங்க, காட்டு பாக்கலாம்." நான் புடவையை விலக்கிக் காட்டுவேன். "ஐயய்யோ! எப்டிம்மா தாங்கின?" என்று வாயில் கை வைப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது வேண்டியிருந்தது. பிறகு பிறகு யாரும் கேட்காமலே காட்ட ஆரம்பித்தேன்.

நான் படுத்திருந்த ஒன்றரை மாதமும் என்னைப் பார்த்துக்கொண்டவள் என் ஓர்ப்படி. கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டுக்கும் சமைத்துவிட்டுப் போவாள். ஷிப்ட் முடித்து வந்து என் துணியைத் துவைப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று மாதம் கழித்து அவளுக்கும் அதே கல். சாப்பிட்டால் வலி, அவ்வளவுதான், முற்றவில்லை. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை ஆபரேஷன். ஓட்டை போட்டே எடுத்துவிட்டார்கள், திறக்கவில்லை. திங்கட்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கித் தானே மாடிப்படி ஏறினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் கை தன்னால் என் தழும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஆபரேஷன் பண்ணிக்கினு வந்த மாரியே இல்ல. நாலு பிளாஸ்திரி ஒட்டிக்கினு வந்துகீற. கொசு கடிச்ச மாரி கீது" என்று சிரித்தார். என் மாமியார் சும்மா இருந்திருக்கலாம். "இவளும் அதே பையதான எடுத்துக்கினா. பெரியவ பண்ண அலப்பற இன்னா, ஆர்ப்பாட்டம் இன்னா! வூட்டையே ரெண்டாக்கிட்டா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொறாமை என்றே எழுதிவிடுகிறேன், வேறு பெயர் தேட வேண்டாம். அவளுக்கு வலி குறைவு என்பதில் பொறாமை இல்லை. என் வலியை அவள் பொய்யாக்கிவிட்டாள் என்று ஆத்திரம். அவளைப் பார்க்க வந்தவர்களுக்கு அவளே எழுந்து டீ போட்டாள். நாலு ஓட்டைதானே என்று யாரும் தடுக்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். டம்ளரை வாங்கிக் குடித்தேன். அன்றைக்கே அவளுடைய சூப்பர்வைசரும் போன் செய்து, லேப்ராஸ்கோப்பிதானே, அடுத்த வாரம் லைனுக்கு வந்துவிடலாம் இல்லையா என்று கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து கூப்பிட்டாள். போனேன். கட்டில் ஓரத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வலது தோள்பட்ட குத்துது. நேத்தைக்கு இன்னிக்கு ஜாஸ்தியா கீது. வயிறு கல்லு மாரி உப்பிக்கினு கீதுக்கா. கஞ்சி குடிச்சா வாந்தி வருது. உங்களுக்கு இப்படி இருந்துச்சா?"

இருந்ததா? இல்லை. எனக்குத் தையல் போட்ட இடம்தான் வலித்தது. அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நான் இட்லிக்குச் சட்னி கேட்டுச் சண்டை போட்டவள். தோள்பட்டையில் ஒன்றுமே இல்லை. வாந்தி இல்லை. 'இல்லையே, எனக்கு இப்படி இல்லையே' என்ற ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவள் பயந்திருப்பாள், அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

"ஏன் இல்லாம? எனக்கு இதவிட ஜாஸ்தியா இருந்துச்சு" என்றேன். "கேஸு அது. நடந்தா போயிடும். நாலு ஓட்டைக்கே இப்படி சாஞ்சுட்டா, என்னை மாரி கிழிச்சிருந்தா இன்னாடி பண்ணுவ?"

கேஸ் என்பது நான் கற்பனை செய்து சொன்னது இல்லை. ஓட்டை போட்டுச் செய்யும்போது வயிற்றுக்குள் காற்று அடிப்பார்கள், அதனால் ஓரிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கலாம் என்று டிஸ்சார்ஜ் காகிதத்திலேயே இருந்தது. அடுத்த வரியில், வலி ஏறினாலோ, வாந்தி, காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ உடனே வர வேண்டும் என்றும் இருந்தது. அந்தக் காகிதத்தை வீட்டில் முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிரிட்ஜ் மேல் வைத்தவளும் நான்.

"அப்டியாக்கா? அப்ப சரி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடக்க ஆரம்பித்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், அங்கிருந்து திரும்ப. நான் கீழே வந்து சாப்பிட்டேன். தலைக்கு மேலே அவள் கால் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடக்கட்டும், அப்போதுதான் தெரியும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் கொழுந்தன் பைக்கை எடுக்கும்போது என்னிடம் கேட்டார். "அண்ணி, ராத்திரி பூரா முனகிக்கினே இருந்தா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலாமா? கேட்டா, அக்காவுக்கும் இருந்துச்சாம், கேஸ்தான்றா."

கடவுள் இரண்டாவது தடவையாக வாசலில் வந்து நின்று கேட்டது மாதிரி இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றினால் என் மரியாதை என்ன ஆவது? "போனா நடக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்க தம்பி. ரெண்டு நாள் பாருங்க" என்றேன். நம்பிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மாடியில் சத்தமே இல்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறினேன். தலையணை நனைந்து கிடந்தது. உடம்பு தூக்கிப் போடுகிறது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. வயிறு நிறைமாதக்காரி மாதிரி. "அக்கா, நான் நடந்தேன்க்கா" என்றாள். "நடந்துக்கினேதான் இருந்தேன்."

108-க்கு போன் செய்தோம். ஒரகடம் கூட்ரோட்டில் ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நின்று, ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டே ஒரே இடத்தில் கிடந்தது. அவள் என் விரலை விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமான ஒரு பிடியில் என் கை இருந்ததில்லை.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்த நீர் உள்ளே கசிந்து வயிறு முழுக்கப் பரவிச் சீழ் பிடித்திருந்தது. திறந்து கழுவ வேண்டும் என்றார் டாக்டர். கொழுந்தன் உடனே கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு வந்த கோபத்தில், "ஓட்டை போட்டதாலதான சார் இப்படி? எங்க அண்ணிக்குக் கிழிச்சாங்க, ஒண்ணும் ஆவலையே!" என்று கத்தினார்.

டாக்டர் கத்தவில்லை. "கசிவு எதுலயும் வரும் சார், கிழிச்சாலும் வரும், ஓட்டைல பண்ணாலும் வரும். அபூர்வம், ஆனா வரும். ஓட்டைல பண்ணா வலி கம்மி, சீக்கிரம் எழுந்துக்கலாம், அது நெசம். அதுக்காக உள்ள நடந்தது சின்ன ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல. கொறைய வேண்டிய வலி ஏறுதுன்னா அதுதான் எச்சரிக்கை. புதன்கிழமையே வந்திருந்தா ஒரு குழாய் போட்டு வடிச்சு, பெரும்பாலும் அதோட போயிருக்கும். பேப்பர்ல எழுதித்தானே குடுத்தோம்? வீட்ல படிக்கிறவங்க யாரும் இல்லையா?"

யாரும் என்னைக் குற்றம் சொல்லும் விதமாகப் பார்க்கவில்லை. பேப்பர் என்ற சொல் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் என் பக்கம் திரும்புவது பழக்கம், அப்படித்தான் திரும்பினார்கள்.

பிழைத்தாள். ஐசியூவில் பதினொரு நாள், வார்டில் மூன்று வாரம். வயிற்றின் நடுவில் என் தழும்பைவிட நீளமாக ஒன்று. அதன் மேல்முனையில் கரண்டி வைத்து அழுத்தியது போல் சதை உள்வாங்கிக் கிடக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஐயய்யோ என்றார்கள். அவள் யாருக்கும் காட்டவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கம்பெனியில் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் அவளால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் சமைக்கிறாள். "இவளுக்குத் தெம்பு பத்தல, அதான் எல்லாருக்கும் இவ்ளோ கஷ்டம்" என்று மாமியார் அவள் காதுபடவே சொல்கிறார்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் சொன்னேன், நான்தான் கேஸ் என்று சொல்லிவிட்டேன் என்று. "நீ இன்னா டாக்டரா? தெரியாம சொன்ன. வுடு" என்றார். பாதிதான் சொன்னேன், அதனால் பாதிக்குத்தான் மன்னிப்புக் கிடைத்தது. எனக்கும் இருந்தது என்று பொய் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்போதும் அவளுக்கு எங்கே என்ன வலித்தாலும் முதலில் என்னிடம்தான் வருவாள். "அக்கா, இந்தப் பக்கம் இழுக்குது, உங்களுக்கு இருந்துச்சா?" அவள் கேட்டு முடிப்பதற்குள், "இல்லடி, இல்லவே இல்ல, கெளம்பு" என்று கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். போன மாதம் அங்கே இருக்கும் நர்ஸ் சிரித்தே விட்டார், ஒன்றும் இல்லாததற்கெல்லாம் வருகிறீர்களே என்று. சிரிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஜுரத்துக்கு அப்புறம் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் கொஞ்சம் கையில் சேர்கிறது. சுவரைப் பார்த்தபடி அவளாகவே பேசினாள்.

"அத்தை சொல்றது நெசம்தான்க்கா. தப்பு எம்மேலதான். உங்களுக்கு அதவிட ஜாஸ்தி வலி இருந்துச்சு, நீங்க நடந்தே சரி பண்ணிக்கினீங்க. எனக்குத்தான் தாங்கற தெம்பு இல்ல. என்னாலதான் எல்லாருக்கும் இவ்ளோ கஷ்டம்."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவளுக்குத் தெரியாது. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் இனி வராது.

"தலைய ஆட்டாதடி" என்றேன். பின்னி முடித்து, ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.