நாருக்குக் காத்திருந்த வேட்டி

"பாத்திரம் தேய்க்கிற நாருக்காக மாப்பிள்ளை வேட்டி காத்துக்கிட்டு இருக்கா?"

அம்மா கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவின் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

மறுநாள் தீபாவளி, அக்காவுக்குத் தலை தீபாவளி. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் மாப்பிள்ளையின் கையில் அம்மா புதுவேட்டி கொடுத்தாக வேண்டும். அதைப் பார்க்கச் சம்பந்தி வீட்டாரும் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

இயற்கைச் சாயம் ஏற்றிய கைத்தறி வேட்டியை ஆன்லைனில் தேடிப் பிடித்தது நான்தான். அதே தளத்தில் பிளாஸ்டிக் ஸ்பாஞ்சுக்குப் பதிலாகப் பீர்க்கங்காய் நார் ஒன்றையும் போட்டேன். 'எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரு பெட்டி, ஒரு வேன், நியாயம்தானே? வேட்டி சிங்கப்பூர் வந்துவிட்டது. நார் வரவில்லை. நார் வரும்வரை வேட்டி கிடங்கை விட்டு நகராது.

'பிரித்து அனுப்பவும்' என்று ஒரு பட்டனும் இருந்தது. ஒரு நாருக்குத் தனியாக ஒரு வேனா என்று அதைத் தொடாமலே இருந்தேன். அன்று காலை வேறு வழியின்றித் தொட்டபோது, பிரித்து அனுப்பினாலும் தீபாவளி முடிந்துதான் வரும் என்றது; பிரிக்காமலே விட்டுவிட்டேன்.

அம்மா கைப்பையை எடுத்தார். "நான் தேக்கா கடைத்தெருவுக்குப் போறேன்."

"வாங்கின வேட்டி இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கும்மா?"

"எங்கடி இருக்கு? உன் போன்லயா? சம்பந்தி முன்னாடி மாப்பிள்ளைக்குப் போனைக் கட்டி விடவா?"

கிடங்கு ஜாலான் புசாரில், தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். ஒன்றாகவே கிளம்பினோம். அம்மா துணிக்கடையில் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கிடங்கிலிருந்து கூப்பிட்டால் கீழே வைப்பார், இல்லையென்றால் வாங்கிவிடுவார். அதுதான் ஒப்பந்தம். ஓடினேன்.

கவுண்டரில் இருந்தவர் தமிழ்ப் பெண். அவருக்குப் பின்னால் அலமாரியில் என் பொட்டலம் தெரிந்தது. "ஆர்டர் முழுசா வந்தாத்தான் சிஸ்டம் விடும் லா. நாங்க அரை நாள்தான் இன்னிக்கு, மூடப்போறோம்."

"அக்கா, தலை தீபாவளி வேட்டி. ப்ளீஸ்."

"வேற என்ன வரணும்?"

"பீர்க்கங்காய் நார்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதை கேன்சல் பண்ணா வேட்டி மட்டும்தான் ஆர்டர்னு ஆயிடும், எடுத்துட்டுப் போகலாம். ஆனா அந்த நார் வந்ததும் குப்பைக்குத்தான் போகும். ஓகேவா?"

"வந்ததும் நானே வந்து எடுத்துக்கிறேனே?"

"கேன்சல் ஆனா அது உங்களுது இல்ல லா."

போன் அதிர்ந்தது, அம்மா. "பில் போடச் சொல்லவா? பின்னாடி நிக்கிறவங்க முறைக்கிறாங்கடி."

"ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்."

எங்கேயோ ஒரு செடியில் காய்த்து, முற்றி, காய்ந்து, கடல் தாண்டி வந்துகொண்டிருக்கிறது அந்த நார். இந்தப் பக்கம் யாருக்கும் தேவைப்படாத இரண்டாவது வேட்டி. எதைச் சொன்னாலும் ஒன்று வீண். கவுண்டர் அக்கா விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்.

"கேன்சல் பண்ணுங்க."

பொட்டலம் கைக்கு வந்தது. "கிடைச்சிடுச்சும்மா, வாங்காதீங்க!"

"பிரிச்சுப் பாத்துச் சொல்லு. கரை என்ன கலரு? அதுவரைக்கும் இதை விடமாட்டேன்."

நடைபாதையிலேயே உட்கார்ந்து அட்டையைக் கிழித்தேன். வெள்ளையில் பச்சைக் கரை, சுருக்கம்கூட இல்லை.

"பச்சைம்மா. நல்லாருக்கு."

போனில் கடைக்காரரின் குரல்தான் கேட்டது: "என்னக்கா, இவ்வளவு நேரம் குழந்தை மாதிரி அணைச்சு வச்சுட்டு இப்ப வேணாங்கிறீங்க!"