அரைக் கட்டை

இசைக்குழுவில் எல்லோரும் அவளை "பாஸ் அக்கா" என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும் வெளியாட்கள், நாலு பேரை மிரட்டி வேலை வாங்குகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மிரட்டவாவது! பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில் "மூச்ச இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று கெஞ்சுவது அவள் பிழைப்பு. சனி, ஞாயிறு சாயங்காலமானால் பாஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடும் நாலு கம்பிக் கிட்டார். பதினோரு வருடமாக வாசிக்கிறாள், வாசித்து என்ன பிரயோஜனம்? மேடையில் ஜனங்கள் பாடகியைப் பார்ப்பார்கள், டிரம்மரைப் பார்ப்பார்கள். இவள் சத்தம் எது என்று கட்டிய புருஷனுக்கே தெரியாது. "நீ வாசிச்சியா, இல்ல சும்மா நின்னுட்டு வந்தியா?" என்று பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பிலும் கிண்டலடிப்பார்.

அதனால்தான் அந்த ஒலிப்பதிவு அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. குழுவின் முதல் சொந்தப் பாட்டு. தொடக்கத்தில் வேறு எந்தச் சத்தமும் கிடையாது, பாஸ் மட்டும் எட்டுச் சுற்று தனியாக வரும். இந்த ஒரு தடவை காது உள்ளவர்கள் எல்லாம் தன்னைக் கேட்டே தீர வேண்டும் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

பாடகியின் குரலுக்காக எல்லோரும் சுருதியை அரைக் கட்டை இறக்குவது என்று முடிவாயிற்று. கீபோர்டுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பாஸில் அப்படி நடக்காது. தளர்ந்த கம்பி தொளதொளத்து, கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் உரசி ர்ர்ர் என்று இரையும். கம்பியை உயர்த்தி, கழுத்தின் வளைவையும் சரிபார்க்க வேண்டும். அதிலும் இவள் விரல் நுனியால் அழுத்தி இழுத்து வாசிக்கிறவள், கம்பிக்கு ஆட இடம் வேண்டும். கட்டை விரலால் படார் படாரென்று அடிக்கிறவர்களுக்குத்தான் நேர்மாறு. கம்பி தாழ்ந்து பட்டையில் மோதினால்தான் அவர்களுக்கு ருசி.

ரிப்பேர்க் கடைக்காரர் அவள் போன அன்று கடையில் இல்லை. "அரைக் கட்டை இறக்கவும்" என்று சீட்டு எழுதி, கிட்டாரோடு கட்டி வைத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை தருவதாகப் போனில் சொன்னார். பிறகு வியாழன் என்றார். வெள்ளி முழுவதும் போனையே எடுக்கவில்லை. சனிக்கிழமை, ஒலிப்பதிவு நாளன்று, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கையில் கிடைத்தது. அரைநாள் விடுப்பு போட்டு ஓடிவந்தவள், பையைத் திறந்துகூடப் பார்க்காமல் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

வாசித்துப் பார்த்தால் சுருதி பழைய இடத்திலேயே இருந்தது. மறந்துவிட்டார் போல என்று அவளே முறுக்காணியைத் திருகி இறக்கினாள். அவ்வளவுதான். நான்கு கம்பியும் ஒரே நேரத்தில் இரையத் தொடங்கின. கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கம்பியெல்லாம் ஏண்ணே இப்படித் தரையோட தரையா கிடக்கு?"

"நீதானம்மா எழுதியிருந்த, அரைக் கட்டை இறக்கணும்னு."

"சுருதியைண்ணே! சுருதியை இறக்கச் சொன்னேன்!"

"சுருதியா? நம்ம கடையில கட்டைன்னா கட்டை விரல்தான்மா. அந்த அடிக்குத் தோதா கம்பியை இறக்கணும், முழுசா வேணாம், பாதி போதும்னு கேட்டிருக்கன்னு நெனச்சேன். அடிச்சுப் பாரேன், டக்கு டக்குன்னு சும்மா பேசும்."

"நான் கட்டை விரலால அடிக்கிறவ இல்லண்ணே!"

"இப்ப எல்லாரும் அதைத்தானேம்மா அடிக்கிறாங்க."

போனைச் சுவரில் வீசலாமா என்றிருந்தது. தவணை இன்னும் பாக்கி இருந்ததால் வீசவில்லை. கம்பியை உயர்த்தக் குட்டிச் சாவி ஒன்று வேண்டும். ஸ்டூடியோ முழுக்கத் தேடியதில் டிரம்ஸ் சாவி, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாம் கிடைத்தன, அது மட்டும் இல்லை. பழைய சுருதியிலேயே வாசிக்கலாம் என்றால், பாட்டு வந்து நிற்கும் அடி ஸ்வரம் அதில் கிடையாது. நகவெட்டியின் முனையால் திருகிப் பார்த்ததில் திருகாணியின் வாய்தான் தேய்ந்தது.

"அஞ்சு மணிக்கு அடுத்த குரூப் வந்துடுவாங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. பாஸையும் நானே கீபோர்டுல போட்டுடறேன்" என்றான் கீபோர்டுகாரன், பெரிய உபகாரம் செய்கிறவன் போல.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேடையில் ஒருநாளும் பார்க்காதவர்கள், இப்போது ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள். "போடு" என்றாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன் எட்டுச் சுற்றை அவன் இரண்டு விரலால் தட்டி முடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் பாட்டு வெளிவந்தது. அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனே எங்கிருந்தோ கண்டுபிடித்து, பஸ்ஸில் கண்டக்டருக்கும் டிப்போவில் நாலு பேருக்கும் போட்டுக் காட்டிவிட்டு வந்தார்.

"ஏய், இங்க வா. மொதல்ல தும் தும்னு தனியா வருதே, அது நீதானே? எவ்வளவு தெளிவா கேட்குது தெரியுமா! இத்தனை வருஷமா எனக்குத்தான் காது சரியில்ல போல." இயர்போனில் ஒன்றை அவள் காதில் செருகினார்.

ஆறாவது சுற்றில், அவள் இழுத்து நிறுத்தியிருக்க வேண்டிய ஸ்வரத்தைக் கீபோர்டுகாரன் பாதியிலேயே விட்டுவிட்டிருந்தான்.

"இந்த இடம்தான்" என்றார் அவர். "இந்த இடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுடி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தேங்க்ஸ்ங்க" என்றாள்.